சரி என்று சொன்னவன் பேசுகிறேன்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமைச் செவிலியர் அவர்களே, மேடையில் இருக்கும் மருத்துவமனை ஊழியர் சங்கத்தின் மூத்தவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் என் அத்தான் அவர்களே, அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் என் அக்காவின் மகளே, வேலை முடிந்த கையோடு சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் தோழர்களே, தெருவாசிகளே, நம் பகுதியின் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம். ஏதாவது ஒரு நல்ல நாளில் இதே மேடையில் அக்காவுக்குப் பாராட்டு விழா வைத்து அப்போது சொல்லியிருக்க வேண்டிய வணக்கம் இது. நமக்கு நேரம் கிடைக்கவில்லை. இன்று மட்டும் எல்லோருக்கும் நேரம் கிடைத்துவிட்டது.

மேடை ஏறும்முன் தலைவர் அம்மா என்னிடம் ஒன்று சொன்னார். "அரசியல் வேண்டாம் தம்பி, அக்காவைப் பத்தி மட்டும் பேசு" என்றார். நியாயமான பேச்சுதான். நேற்று முழுக்க உட்கார்ந்து அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். அன்பானவர், பண்பானவர், சிரித்த முகம் என்று நாலு வரி வந்தது. படித்துப் பார்த்தால் அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிறது. கிழித்துப் போட்டுவிட்டேன். அக்காவின் வாழ்க்கையிலிருந்து அரசியலை எடுத்துவிட்டுப் பேச எனக்குத் தெரியவில்லை. தலைவர் அம்மா என்னை மன்னிக்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்சு அக்கா! அப்படித்தான் இந்த ஊரே அவரைக் கூப்பிட்டது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலிலும் வாக்காளர் பட்டியலிலும் மட்டும் இருந்தது. பெரியாஸ்பத்திரியில் மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. அதுதான் தொலைபேசி எக்ஸ்சேஞ்சு. இரண்டு நாற்காலி, இரண்டு ஹெட்போன், ஒரு மேசை விசிறி. அந்த அறையில் அவர் பக்கத்து நாற்காலியில் பதினேழு வருடம் உட்கார்ந்தவன் நான். விசிறி எப்போதும் என் பக்கம்தான் திரும்பியிருக்கும். கேட்டால், உனக்குத்தான் சீக்கிரம் மண்டை சூடாகும் என்பார். இன்றும் எனக்குச் சீக்கிரம் மண்டை சூடாகிறது. அதனால் வந்த வினையைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்லப் போகிறேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. யார் எந்தச் செய்தி சொன்னாலும் நாங்கள் அதை அவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த வார்டு, எந்தப் படுக்கை, யாரைக் கூப்பிட வேண்டும், எத்தனை மணிக்கு. கேட்டுவிட்டு அவர் 'சரி' என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் செய்தியை அனுப்புவோம். விதி எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் பாதிப் பேர் விட்டுவிடுவோம். அக்கா மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். கோபக்காரர். ஒருநாள் கடகடவென்று உத்தரவு போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அக்கா உடனே அவரைத் திரும்பக் கூப்பிட்டார். "டாக்டர், நான் திருப்பிச் சொல்லி நீங்க சரின்னு சொல்ற வரைக்கும், நீங்க எதுவும் சொல்லலைன்னுதான் அர்த்தம்" என்றார். அந்தப் பக்கம் காட்டுக் கத்தல். அக்கா அசையவில்லை. முழுதாகக் கத்த விட்டுவிட்டுத் திருப்பிச் சொன்னார். பாதியில் அந்த மருத்துவர் நிறுத்தி, அய்யய்யோ, நான் ஆபரேஷன் தியேட்டரை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றார். அதன் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை, "சொல்லிட்டேன்மா, திருப்பிச் சொல்லு" என்று தானாகவே காத்திருப்பார். ஒருவர் வாயிலிருந்து வந்த சொல்லை அவர் பொறுப்பில் நிறுத்துவதற்கு அக்காவுக்குத் தெரிந்த வழி அதுதான்.

நண்பர்களே, இந்த விதியைத்தான் அவர் ஓய்வு பெற்ற பிறகு தெருவுக்குக் கொண்டு வந்தார்.

ஒன்றரை வருடத்துக்கு முன் நடந்த நகர்மன்றத் தேர்தல் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறக்கக்கூடிய தேர்தலா அது? நிஜமான போட்டி இரண்டு பேருக்குத்தான். ஒருவர், நம் சின்ன ஆஸ்பத்திரியை இடித்துவிட்டு அங்கே கடை வளாகம் கட்டுவேன் என்று நோட்டீசே அடித்துக் கொடுத்தார். பெரியாஸ்பத்திரிதான் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டார். இரண்டு பஸ் மாறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இன்னொருவர், இதோ முன்வரிசையில் இருக்கும் நம் உறுப்பினர். ஐயா, உங்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் உங்களுக்கே தெரியும். 'பார்க்கலாம்.' எதைக் கேட்டாலும் நீங்கள் சொல்லும் பதில் அது. அதற்கு முந்திய முறையும் நீங்கள்தான் உறுப்பினர். தெருக்குழாய் போடுகிறேன் என்றீர்கள், ஐந்து வருடம் போடவில்லை. உங்கள் மச்சினர் கட்டிய சாக்கடை முதல் மழையிலேயே வாயைப் பிளந்தது. சின்ன ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகியபோது வாளியோடு வந்து படம் எடுத்துக்கொண்டு, போகும்போது வாளியையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். உங்களுக்கு யார் மனசார ஓட்டுப் போடுவார்கள்?

நான் போடப் போவதில்லை என்றேன். ரெண்டும் ஒண்ணுதான் அக்கா, வீட்டில் படுத்துத் தூங்கப் போகிறேன் என்றேன். என்னைப் போலவே பாதித் தெரு சொன்னது. அன்று அக்கா என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி. ஒருத்தர் கதவை இழுத்துப் பூட்டுவேங்குறார். பூட்டின கதவுக்கு வெளிய நின்னு நான் யார்கிட்ட என்னத்தைக் கேக்குறது? இந்த மனுஷன் சோம்பேறி. ஆனா கதவு திறந்திருக்கும். உள்ள போய் நின்னு கேக்கலாம். நான் இவரை நல்லவருன்னு சொல்லி ஓட்டுப் போடல. கேக்குறதுக்காகப் போடுறேன்."

இப்படிச் சொல்லி அவருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்கவும் கிளம்பினார். அவர் ஓட்டுக் கேட்ட அழகு இருக்கிறதே! வேட்பாளர் கைகூப்பிப் பக்கத்தில் நிற்பார். அக்கா கதவைத் தட்டி, "போன தடவை குழாய் போடுறேன்னு சொன்னது இவர்தான், போடல. சாக்கடை இவர் மச்சினன் கட்டினது. எல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் இவருக்கே போடுங்க, சின்ன ஆஸ்பத்திரி நமக்கு வேணும்" என்பார். மூன்றாவது வீட்டிலேயே கூப்பிய கை தானாக இறங்கிவிட்டது. கட்சிக்காரர் ஒருவர் என்னைத் தனியே இழுத்து, இந்த அம்மா நம்ம ஆளா, அவங்க அனுப்பின ஆளா என்று கேட்டார். இதைச் சொன்னதும் நம் உறுப்பினரே இப்போது சிரிக்கிறார். அக்காவும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அப்புறம் அந்தத் தெருமுனைக் கூட்டம். சின்ன ஆஸ்பத்திரியை மூட விட மாட்டேன், அதோடு ஆறு மாதத்துக்குள் தினமும் மாலை நாலு மணி முதல் எட்டு மணி வரை அங்கே ஒரு மருத்துவரை உட்கார வைப்பேன் என்று பேசினீர்கள். கை தட்டினோம். கைதட்டல் அடங்கியதும் கூட்டத்தின் நடுவில் அக்கா எழுந்தார். "நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்றேன், சரியா பாருங்க" என்று ஆரம்பித்து, ஆஸ்பத்திரி, ஆறு மாதம், நாலு முதல் எட்டு, தினமும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லிவிட்டு நின்றார். உட்காரவில்லை. நீங்கள் மேலே பார்த்தீர்கள், கீழே பார்த்தீர்கள், கடைசியில் மைக்கில் "சரி" என்றீர்கள். அன்று அங்கே இருந்த இருநூறு பேரில் பாதிப் பேர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

அறுபத்து மூன்று ஓட்டில் ஜெயித்தீர்கள். அந்த அறுபத்து மூன்றில் என் வீட்டு ஓட்டு மூன்று.

மாலை மருத்துவர் எதற்கு? தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன ஆஸ்பத்திரியில் மருத்துவர் பகல் ஒரு மணிக்குப் போய்விடுவார். நம் தெருவில் எல்லோரும் வேலைவெட்டி முடிந்து வீடு திரும்புவதே ஐந்து மணிக்கு மேல். எங்கள் பின் தெருக் கொத்தனார் ஒருநாள் மாலை ஆறு மணிக்கு மூச்சுத் திணறும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். செவிலியர் மட்டும் இருந்தார். தன்னால் முடிந்ததைச் செய்து, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. போன வழியெல்லாம் அந்த மனிதர் பட்ட பாட்டை அவர் வாயால் கேட்டுவிட்டு அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆறு மாதம் ஆயிற்று. மருத்துவர் வரவில்லை. ஏழாவது மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனார். எனக்குப் பிற்பகல் பணி, அதனால் நானும் போனேன். அடுத்த திங்களும் போனோம். அதற்கடுத்த திங்களும். ஒரே கேள்வி. "டாக்டர் எந்தத் தேதி வர்றார்?" அவ்வளவுதான். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. தேதியை மட்டும் கேட்பார். 'பார்க்கலாம்' என்று பதில் வந்தால், பார்க்கலாம் என்பது தேதி இல்லை, அடுத்த திங்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து விடுவார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அக்கா நம் உறுப்பினரை யாரும் அநியாயமாகத் திட்ட விட்டதில்லை. கடையில் யாரோ, ஓட்டு வாங்கிட்டு ஒண்ணுமே செய்யல என்றபோது அக்கா திரும்பி, "ஆஸ்பத்திரியை இடிக்க விடல. அதையும் சேர்த்துச் சொல்லு" என்றார். இந்த முறை தெருக்குழாய் வந்த அன்று முதல் ஆளாகப் போன் போட்டு நன்றி சொன்னவரும் அவர்தான். திட்டுறதுக்கு மட்டும் போனை எடுக்கக் கூடாது தம்பி என்பார். நன்றி சொல்லிவிட்டு அதே மூச்சில், டாக்டர் எந்தத் தேதி என்று கேட்டார். அதுதான் எக்ஸ்சேஞ்சு அக்கா!

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்கு இன்று தூக்கம் வராது. சொன்னாலும் வருமா என்று தெரியவில்லை.

எனக்கு அலுத்துப் போயிற்று. பதினாறாவது மாதம்வரை தவறாமல் போனவன், அப்புறம் ஒரு வாரம் தலைவலி என்றேன், ஒரு வாரம் விருந்தாளி என்றேன். அக்கா எதுவும் கேட்கவில்லை. நான்கு வாரத்துக்கு முன், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. "தம்பி, இன்னைக்கு வர்றியா?" என்று கேட்டார். மூச்சு கொஞ்சம் வாங்கியது. அதை நான் கவனித்தேன். கவனித்தும் கேட்கவில்லை. எனக்கு மண்டை சூடாகிவிட்டது.

"விடுங்கக்கா. அந்த ஆளுக்கு நீங்க ஓட்டுப் போட்டதே தப்பு. என்னையும் சேர்த்துப் போட வச்சது அதைவிடத் தப்பு" என்றேன்.

அக்கா எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அதே குரலில் பேசினார். கோபமில்லாத குரல்.

"திருப்பிச் சொல்றேன், சரியா பாரு. நான் ஓட்டுப் போட்டது தப்பு. உன்னையும் போட வச்சது தப்பு. சரியா?"

நான் "சரி" என்றேன்.

பதினேழு வருடம் ஒரே அறையில் ஒரே விசிறிக்குக் கீழே உட்கார்ந்த அக்காவிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அது. நண்பர்களே, அவர் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அந்தக் கோபக்கார மருத்துவருக்குக் கொடுத்த அதே வாய்ப்பு. திருத்திக்கொள்ளத்தானே அவர் திருப்பிச் சொன்னார்? அந்த மருத்துவர் திருத்திக்கொண்டார். நான் திருத்தவில்லை.

அக்கா தனியாகப் போனார். பத்து மணிக்குப் போய், உறுப்பினர் அலுவலக நடைவழியில் இரண்டு மணிவரை இருந்தார். உட்காரப் போட்டிருந்த பெஞ்சில் ஏற்கெனவே ஆள் இருந்தது, நின்றுகொண்டுதான் இருந்தார் என்று காவலாளி சொன்னார். ஐயா மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். ஒரு மணிக்கே நீங்கள் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டீர்கள் ஐயா. அதையும் அந்தக் காவலாளிதான் சொன்னார். தயவுசெய்து அவர் வேலையில் கை வைக்காதீர்கள். நான் கேட்டேன், அவர் சொன்னார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, கால் வலிக்கிறது என்று படுத்தார். மறுநாள் காலை அத்தான் எழுப்பப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

அக்காவைப் பார்த்து வந்த இதய மருத்துவரிடம் போய்க் கேட்டேன். நெஞ்சுவலி பழையது, எங்கே இருந்திருந்தாலும் நடந்திருக்கலாம், நின்றதால்தான் என்று சொல்ல முடியாது என்றார். அதனால் உறுப்பினர்தான் கொன்றார் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அக்காவே என்னைத் திருத்துவார். நடந்ததை மட்டும் சொல்கிறேன். அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர், தான் ஓட்டுப் போட்ட மனிதரின் அலுவலகத்தில் நான்கு மணி நேரம் தனியாக நின்றார். பின்வாசல் வழியாகப் போனவர் ஒருவர். வீட்டை விட்டே கிளம்பாதவன் ஒருவன். அவரைத் தனியாக நிற்க வைத்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

அடக்கம் முடிந்த பிறகு அத்தான் என்னிடம் ஒன்று சொன்னார். சொல்லலாமா அத்தான்? அன்று வந்து படுத்த அக்கா அவரிடம், "தம்பி கோவத்துல என்னமோ பேசிட்டான். அடுத்த வாரம் வந்துருவான்" என்றாராம். நான் என்ன செய்வேன்! எனக்கு அந்த அடுத்த வாரத்தை யார் கொடுப்பார்கள்?

அக்கா, இந்த அவையில் இத்தனை பேர் சாட்சியாகச் சொல்கிறேன். நான் சொன்ன அந்தச் 'சரி' தவறு. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் ஓட்டுப் போட்டது தப்பில்லை. சின்ன ஆஸ்பத்திரி இன்றும் நிற்கிறது, காலையில் அறுபது பேர் அங்கே மருந்து வாங்குகிறார்கள். என்னைப் போட வைத்ததும் தப்பில்லை. போட்டதோடு என் வேலை முடிந்தது என்று நான் நினைத்ததுதான் தப்பு. நீங்கள் கேட்கக்கூடிய தூரத்தில் இல்லாதபோது இதைச் சொல்கிறேனே, என்னைப் போல ஒரு பாவி உண்டா?

அடுத்த வாரம் போனேன். நீங்கள் சொன்னபடியே போனேன் அக்கா, நீங்கள் இல்லாமல். அன்று நான் ஒருவன்தான். அதற்கடுத்த வாரம் கொத்தனார் தன் மகளோடு வந்தார், செவிலியர் வந்தார், உங்கள் மகள் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். நேற்று முன்தினம் திங்கட்கிழமை. பதினேழு பேர். பெஞ்சு பற்றவில்லை, நடையில் வரிசையாக உட்கார்ந்தோம். அன்று உறுப்பினர் வெளியே வந்து எங்களைப் பார்த்தார். இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன், அங்கே பேசிக்கொள்ளலாம் என்றார். வந்தும் இருக்கிறார். அதற்கு என் நன்றி. மனசாரவே சொல்கிறேன்.

இங்கே இருக்கும் சிலர் என்னிடம் சொன்னார்கள், அடுத்த தேர்தலில் இவருக்குப் பாடம் கற்பிப்போம் என்று. கற்பிக்கலாம். இவரைவிட நல்லவர் ஒருவர் வந்தால் நானே கூட நின்று கற்பிக்கிறேன். வராவிட்டால்? மறுபடியும் அந்தக் கடை வளாகக்காரரும் இவரும்தான் என்றால்? உறுப்பினர் ஐயா, எனக்கு நெஞ்சு எரிகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்போதும் நான் உங்களுக்கே ஓட்டுப் போட நேரலாம். போட்டால், உங்கள் குறை எல்லாவற்றையும் வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் போடுவேன். போட்ட பிறகு வரும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்து மணிக்கு உங்கள் நடையில் இருப்பேன். என்னால் முடியாத வாரம் வேறொருவர் இருப்பார். இனி யாரும் தனியாக வர மாட்டோம். எங்கள் அக்காவுக்கு நாங்கள் எழுப்பப் போகும் நினைவுச் சின்னம் இந்த வரிசைதான். வேறு கல்லும் வேண்டாம், சிலையும் வேண்டாம்.

நிகழ்ச்சி நிரலில் எனக்கு அடுத்து உங்கள் பெயர் இருக்கிறது ஐயா. நினைவஞ்சலி உரை என்று போட்டிருக்கிறார்கள். இங்கே வரும்முன் அத்தானையும் மகளையும் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அக்காவைப் பற்றி நீங்கள் நல்ல வார்த்தை எதுவும் சொல்ல வேண்டாம். அதை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், எங்களுக்கு ஆயுள் முழுக்கச் சொல்ல இருக்கிறது. நீங்கள் மேடைக்கு வந்து மருத்துவர் வரும் தேதியை மட்டும் சொல்லுங்கள். அந்தத் தேதியை முதலில் கேட்டவர் போய்விட்டார். மற்றவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம், யாருக்கும் இன்று வேறு வேலை இல்லை. வாருங்கள் ஐயா.